கூட்டினால் ஐந்து

ஜூன் 3, திங்கள்

இந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் 205-ஆம் அறைக்கு அடுத்து 207-ஆம் அறை வருகிறது. 206 கிடையாது. கூட்டினால் எட்டு. எட்டு சனியின் எண், சேர்மனுக்கு ஆகாது. ஆம்புலன்ஸின் எண், புதுக் கட்டிடம் திறந்த தேதி, கார் நிறுத்துமிடத்தின் கட்டங்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பதுதான் நிர்வாக அலுவலர் சண்முகானந்தத்தின் முக்கிய வேலை. ஏ.ஓ. என்றால் இங்கே எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இதுவரை தூரத்தில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தேன். இன்று என் வேலைக்குள்ளும் வந்துவிட்டார்.

அறுபத்து நான்கு புதுக் கேமராக்கள் மாட்டியிருக்கிறோம். படங்கள் மல்டிகாஸ்ட் முறையில் போகின்றன. கேமரா ஒரு முறைதான் அனுப்பும். யார் கேட்டார்களோ அவர்களுக்கு மட்டும், வயர்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி பிரித்துக் கொடுக்கும். அதற்கு ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். 239.192.0 என்று தொடங்கும் வரிசையில் பட்டியல் போட்டு, அச்சடித்து, ஐ.டி. தலைவர் முரளிதரனின் மேசையில் வைத்திருந்தேன். ஏ.ஓ. வேறு எதற்கோ வந்தவர் அதை எடுத்துப் பார்த்தார்.

"அம்மிணி, இதென்ன நெம்பரு?"

"கேமராவோட முகவரிங்க சார்."

"ரெண்டு, மூணு, ஒம்போது, ஒண்ணு, ஒம்போது, ரெண்டு. இருவத்தாறு. எட்டாச்சுல்ல?"

"அது மெசினுக்குத்தானுங்க சார். யாரும் பாக்கப் போறதில்ல."

"நீ பாக்கறயா இல்லயான்னு கேட்டுட்டா சனி வருது?"

சொல்லிவிட்டு சட்டைப் பையில் இருந்து சிவப்புப் பேனாவை எடுத்து என் பட்டியலின் மேலேயே எழுதினார். 239.0.0. கூட்டினால் பதினான்கு. பதினான்கைக் கூட்டினால் ஐந்து. ஐந்தைச் சுற்றி ஒரு வட்டம். "புதன். தொழிலுக்கு எடுப்பு. இல்லீன்னா ஒம்போது வர்றாப்பல ஏதாச்சும் போடு, அதும் ஆகும். எட்டு மட்டும் வேண்டாங்கண்ணு."

முரளி சார் கணினியில் இருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "சார் சொல்றதப் போட்டுரும்மா. எல்லாமே நம்பர்தான்."

எல்லாமே நம்பர்தான்! பன்னிரண்டு வருட அனுபவஸ்தர் சொல்கிறார். நான் ஒப்பந்தத்தில் வந்தவள். என் கழுத்து அட்டையில் ஆஸ்பத்திரியின் பெயர்கூட இல்லை, ஆள் அனுப்பும் கம்பெனியின் பெயர்தான் இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கு ஐந்துதானே வேண்டும், இந்தாருங்கள் ஐந்து என்று உட்கார்ந்து 239.0.0.11 முதல் 239.0.0.74 வரை அத்தனையும் தட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. சிவப்பு எழுத்துக் காகிதத்தை மட்டும் இந்த நோட்டுக்குள் செருகி வைத்திருக்கிறேன், பின்னால் சிரிக்க.

விடுதியில் தண்ணீர் இல்லை. துணி ஊறிக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 5, புதன்

இரண்டாவது மாடியில் இருந்து புகார். அங்கே பதினொரு அறைகள். ஒவ்வொரு படுக்கையின் அருகிலும் இதயத்துடிப்பைக் காட்டும் மானிட்டர் இருக்கிறது. பதினொன்றின் கோடுகளும் நர்ஸ் மேசையில் உள்ள ஒரே பெரிய திரைக்கு வருகின்றன. ஏதாவது ஒன்று தடுமாறினால் அந்தத் திரை கத்தும்.

"பிரதிபா, நாலு மணி ஆனா இது செலயாட்ட நின்னுக்குது புள்ள," என்றார் அமுதாக்கா. அமுதவல்லி, அந்த மாடியின் மூத்த நர்ஸ். நின்றுபோன கோடுகளைப் பார்த்தேன். மூலையில் கடுகளவு எழுத்தில் 'இணைப்பு இல்லை'. ஓசை எதுவும் வரவில்லை. திரையை அணைத்துப் போட்டேன். கொஞ்சம் அசைந்தது, நின்றது. ஆறு மணிக்குத் தானாகவே சரியாகிவிட்டது.

புகார்ப் புத்தகத்தில் 'சரி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புகாரை அன்றன்றே முடிக்காவிட்டால் முரளி சாரின் மாத அறிக்கையில் சிவப்புக் கட்டம் விழும். யாருக்காக வேலை செய்கிறோம், நோயாளிக்கா, கட்டத்துக்கா?

மதியம் அமுதாக்கா எலுமிச்சைச் சோறு கொடுத்தார். என் கேன்டீன் சாம்பாரைப் பார்த்து, "இதுல கை கழுவுனயா, இதுதான் சாம்பாரா?" என்றார்.

ஜூன் 7, வெள்ளி

மறுபடி அதே புகார். மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடி கையெழுத்து.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் பில் கவுன்டரின் பிரின்டர். பிறகு மருந்தகத்தின் பிரின்டர். சேர்மன் அறை டி.வி.யில் படம் நீலமாகத் தெரிகிறதாம், அதற்கு அரை நாள். மதியத்துக்கு மேல் முதல் மாடிக் கூரைப் பலகையைக் கழற்றி, எலி கடித்த வயரை மாற்றினேன். ஏணியின் உச்சியில் நிற்கும்போது போன் இரண்டு முறை அடித்தது. வாயில் டார்ச், இரண்டு கையிலும் வயர். எடுக்கவில்லை.

இறங்கியபோது மாடிப்படியில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். 207-இல் இருந்த பழனியப்பன் என்பவருக்கு இதயம் நின்றுவிட்டதாம். சென்னிமலைப் பக்கம், விசைத்தறி ஓட்டுகிறவர், ஐம்பத்து நான்கு வயது. நாளை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. அழுத்தி அழுத்தித் துடிப்பை மீட்டு ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள். அவர் மகள் ஒரு பிளாஸ்டிக் பையில் ஆரஞ்சுப் பழங்களோடு சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கடந்துதான் நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஜூன் 12, புதன்

பழனியப்பன் காலை ஏழு மணிக்கு இறந்துவிட்டார்.

அவர் மகள் இரண்டாவது மாடிக்கு வந்து, எல்லோர் முன்னாலும் அமுதாக்காவைக் கன்னத்தில் அறைந்தாள். அமுதாக்கா கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. பத்து மணிக்கு அவருக்குப் பணியிடை நீக்க உத்தரவு கொடுத்தார்கள். பன்னிரண்டு நாட்களில் விசாரணை. குற்றம் நிரூபணமானால் வேலை போகும். நர்ஸிங் கவுன்சிலுக்கு எழுதுவார்கள், பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் ஊசியைத் தொட முடியாது.

சாட்சி என்ன தெரியுமா? என் கேமரா. நான் மாட்டிய 41-ஆவது கேமரா. முரளி சாரின் அறையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்கள். நாலு இருபதுக்கு அமுதாக்கா மேசையருகே காதில் போனை வைத்துக்கொண்டு நிற்கிறார். 207-ஆம் அறையில் ஒரு மனிதரின் இதயம் நின்றுபோய் நாலு நிமிடம் கழித்துத்தான் ஓடுகிறார். "பாத்தீங்களா, டூட்டில போன்," என்றார் ஏ.ஓ.

அந்த நேரத்தில் அந்த மாடியில் இரண்டு நர்ஸ்கள் இருந்திருக்க வேண்டும். இன்னொருத்தியைக் கீழே அனுப்பியிருந்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் சுற்றிப் பார்க்க வந்தார்களாம், அவர்களுக்குப் பூச்செண்டு கொடுக்கச் சிவப்பாக ஒரு பெண் வேண்டுமாம். இது எந்தக் கேமராவிலும் இல்லையா? இருக்கிறது. 3-ஆவது கேமரா. அதை யாரும் போட்டுக் காட்டவில்லை. பார்வையாளர் நேரத்தில் நூறு பேர் நடைவழியில் கூச்சல் போட, மூடிய கதவுக்குப் பின்னால் கத்தும் மானிட்டர் யார் காதில் விழும்? பெரிய திரை ஏன் கத்தவில்லை என்று ஒருவராவது கேட்க வேண்டாமா?

ஒருவரும் கேட்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

ஸ்விட்ச் அறையைப் பெருக்கினேன். எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 17, திங்கள்

விடுமுறை எடுத்துக்கொண்டு கருங்கல்பாளையத்தில் உள்ள அமுதாக்கா வீட்டுக்குப் போனேன். வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கக்கா போறீங்க?"

"எங்கயும் போகல. கை சும்மா இருக்க மாட்டேங்குது. உக்காரு, தோச வார்க்கறேன்."

தோசைக் கல்லைப் பார்த்தபடியே சொன்னார். திரை அன்றும் நாலு மணிக்கே நின்றுவிட்டதாம். அறை அறையாகப் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். 203-இல் ஒருவருக்கு வாந்தி. அவரைத் துடைத்துவிட்டு வந்து திரையைச் சரிசெய்ய ஆள் கேட்டு போன் செய்திருக்கிறார். ஐ.டி. அறையில் யாரும் எடுக்கவில்லை, அன்று அது பூட்டிக் கிடந்தது. அதனால் தன் போனில் இருந்து.

"அதச் சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். ஐ.டி. ரூம் போன்ல அப்படி ஒரு காலே வரலைன்னு முரளி சார் சொல்லிப்போட்டாரு. சரி உன்ற போனக் காட்டுன்னாங்க. மாட்டேன்னுட்டேன்."

"ஏங்க்கா?"

"காட்டுனா பிரதிபான்னு ரெண்டு தடவ உம்பேரு வருமில்ல? எடுக்காத காலு. உன்னையும் இழுத்துப் போடுவாங்க. நீ ஒப்பந்தத்துல இருக்கற புள்ள, ஒரு நிமிசத்துல அனுப்பீருவாங்க. எனக்குப் பதினாலு வருசம் சர்வீசு. கூப்புட்டு நாலு திட்டு திட்டீட்டு எடுத்துக்குவாங்க, பாரு."

பதினாலு வருடம் ரத்தத்தையும் மூத்திரத்தையும் துடைத்தவரிடம் ஒரு போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். முரளி சார் அன்று நாலு மணிக்கு எங்கே இருந்தார்? ஐ.டி. அறையை ஏன் பூட்டிவைத்திருந்தார்? ஏ.ஓ.வுக்கும் சேர்மனுக்கும் வெட்கமே கிடையாதா? 

இரண்டு தோசை சாப்பிட்டேன். மூன்றாவதையும் வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.

ஜூன் 19, புதன்

விசாரணை 24-ஆம் தேதி என்று தாள் ஒட்டியிருக்கிறார்கள்.

பொதுவாக ஒரு விஷயம் எழுதி வைக்கிறேன். ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கென்று 224.0.0 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த எண்ணில் எது வந்தாலும் ஸ்விட்ச், யார் கேட்டார்கள் என்று பார்க்காது. எல்லாக் கதவுகளுக்கும் அனுப்பிவிடும். இன்னொன்று. ஸ்விட்ச் முகவரி முழுவதையும் படிப்பதில்லை, பின்பகுதியைத்தான் பார்க்கிறது. ஆகவே 239.0.0.11-உம் 224.0.0.11-உம் அதன் கண்ணுக்கு ஒன்றே. அப்படி ஒரு எண்ணை யாராவது கேமராவுக்குக் கொடுத்தால், அதன் படம் கேட்டவர், கேட்காதவர், பிரின்டர், மானிட்டர் எல்லோர் மேலும் கொட்டும். ஆள் நடமாட்டம் இல்லாதபோது கேமரா கொஞ்சமாகத்தான் அனுப்பும். மாலை நாலு மணிக்குப் பார்வையாளர்கள் நிறைந்துவிட்டால் நாலு மடங்கு அனுப்பும். படுக்கை மானிட்டர்களின் இணைப்பு பழையது, குறுகலானது. அந்த வெள்ளத்தில் இதயத்துடிப்பு மேசைவரை வந்து சேராது.

இது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. முரளி சாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏ.ஓ. வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

பயிற்சி நாட்களின் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். '239.0.0, 239.128.0 இரண்டையும் தொடாதே.' இரண்டு முறை அடிக்கோடு. என் கையெழுத்துதான். படித்ததெல்லாம் எல்லோருக்கும் எப்போதும் நினைவில் இருக்குமா என்ன?

ஜூன் 21, வெள்ளி

அறுபத்து நான்கு முகவரிகளையும் மாற்றினேன். 239.192.1 வரிசை. யாரிடமும் கேட்கவில்லை. நாலு மணிக்கு இரண்டாவது மாடியில் போய் நின்றேன். கூட்டம் நெரிந்தது. பதினொரு பச்சைக் கோடுகளும் ஆறு மணிவரை ஓடிக்கொண்டே இருந்தன.

முரளி சார் மாற்றத்தைப் பார்த்துவிட்டு ஏ.ஓ.வைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏ.ஓ. விரல் மடக்கினார். "இருவத்தேழு. ஒம்போது. செவ்வா. பரவால்லியே, இது நல்ல நெம்பருதான்!" போய்விட்டார்.

முரளி சார் போகவில்லை. என் லேப்டாப்பில் இருந்த பதிவைத் திறந்து பார்த்தார். வார்டு ஸ்விட்சில் என்னென்ன கொட்டியது என்பதன் பதிவு.

"இது பதினாலாந்தேதி எடுத்ததாச்சே?"

"ஆமா சார்."

"அழிச்சிரும்மா. பிரச்சனைதான் சரியாயிருச்சே. இப்ப வந்து யாரு பாத்தாலும் ஸ்கிரீன் நல்லா ஓடும். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அமுதாக்காவுக்கு?"

"அந்தம்மா கைல போன் இருந்துதில்ல?"

இவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். மேசையில் படம் வைத்திருக்கிறார். எப்படித்தான் வீட்டுக்குப் போய் அவற்றின் முகத்தைப் பார்க்கிறாரோ.

நான் அழிக்கவில்லை. அழிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜூன் 24, திங்கள்

என்னைக் கூப்பிடவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

நீள மேசை. நடுவில் மருத்துவக் கண்காணிப்பாளர் டாக்டர் வைதேகி, பக்கத்தில் ஏ.ஓ., முரளி சார். எதிரே தனி நாற்காலியில் அமுதாக்கா, இஸ்திரி போட்ட சீருடையோடு. என்னைப் பார்த்ததும் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

என் போனை மேசையில் வைத்தேன். 4.20, 4.21, இரண்டு தவறிய அழைப்புகள், அமுதாக்கா. அன்று திரை நின்றிருந்தது என்றேன். அதற்கு முன்னால் இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் சரியாகிவிட்டது என்று நான் பொய்யாக எழுதினேன் என்றேன். பதிவைத் திறந்து காட்டினேன். சிவப்பு மைக் காகிதத்தை வைத்தேன். டாக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஏ.ஓ.வைப் பார்த்தார்.

ஏ.ஓ. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நான் எழுதுனது என்ற விருப்பம். எனக்கு இந்த மெசினப் பத்தி என்ன தெரியும்? ஆகாதுன்னு சொல்ல வேண்டியது படிச்சவ. ஏம்மிணி, அன்னைக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்த சொன்னயா?"

"சொல்லல."

"ஒம்போது வந்தாலும் ஆகும்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க."

"இப்பப் போட்டிருக்கறது ஒம்போது. ஒரே ஒரு ஒண்ணு சேத்திருக்கற. அதை அன்னைக்கே சேத்திருந்தா நானும் சரின்னிருப்பேன், அந்த ஆளும் இருந்திருப்பாரு."

ஜாதகப் பைத்தியம், நிர்வாகத்தின் அடியாள், இன்னும் எத்தனையோ சொற்கள் என்னிடம் இருந்தன. ஆனால் அந்த ஆள் சொன்ன கணக்கு சரி. அன்று எனக்குத் தெரியாமல் இல்லை. எண்ணைத் தட்டும்போதே ஏதோ நெருடியது. நோட்டைப் புரட்ட ஒரு நிமிடம் போதும். இந்த முட்டாள்களுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும் என்ற வீம்பு. அவ்வளவுதான்.

வெளியே நடைவழியில் அமுதாக்கா என் முன்னால் வந்து நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். என்ன பிறவி நான்.

"இந்த நெம்பர் விசயம் உனக்கு எப்பத் தெரியும்?"

"பதினாலாந்தேதிக்கா."

விரல் விட்டு எண்ணினார். "எங்கூட்டுக்கு வந்தது பதினேழு."

"ஆமாக்கா."

"மூணு தோச தின்ன."

 சீருடை கசங்கிவிடாமல் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கிப் போனார். லிஃப்ட் பக்கத்திலேயே இருந்தது.

ஜூன் 26, புதன்

அமுதாக்காவின் பணியிடை நீக்கத்தை ரத்து செய்துவிட்டார்கள். அறிக்கையில் 'ஒப்பந்த ஊழியரின் கவனக்குறைவால் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு' என்று ஒரு வரி. பூச்செண்டு பற்றி இல்லை. பூட்டிய ஐ.டி. அறை பற்றி இல்லை. சிவப்பு மை பற்றி இல்லை. என்னை இன்று முதல் வர வேண்டாம் என்று கம்பெனியில் இருந்து வாட்ஸாப்பில் ஒரு செய்தி, கடைசியில் கும்பிடும் கை.

நான் தப்பு செய்தேன் என்பதால் அவர்கள் யோக்கியர்கள் ஆகிவிட மாட்டார்கள். காலையில் பஸ் ஏறிச் சென்னிமலைக்குப் போனேன். பழனியப்பனின் மகளிடம் சிவப்புக் காகிதத்தையும், புகார்ப் புத்தகப் பக்கத்தின் நகலையும், பதிவையும் கொடுத்தேன். தறி ஓடும் சத்தத்தில் கத்திக் கத்தித்தான் பேச முடிந்தது. வக்கீலிடம் காட்டச் சொன்னேன், எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன் என்றேன்.

"இந்தச் சிவப்பு யாரு எழுதுனது?"

"நிர்வாக அலுவலர்."

"இந்த 'சரி செய்யப்பட்டது'?"

"நான்."

இரண்டையும் ஒரே உறைக்குள் போட்டாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. அதுதான் நியாயம்.

திரும்பி வந்து இந்த நோட்டை முதலில் இருந்து படித்தேன். எவ்வளவு திட்டியிருக்கிறேன்! ஜூன் 14-இல் மட்டும் ஒரே வரி. அதற்குக் கீழே முழுப் பக்கமும் காலியாகக் கிடக்கிறது. அங்கே எழுதியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 14, வெள்ளி

மாலை நாலு பத்துக்கு, இரண்டாவது மாடி ஸ்விட்ச் அறையில், வார்டு ஸ்விட்சில் என் லேப்டாப்பைச் செருகினேன். நான் எந்தப் படத்தையும் கேட்கவில்லை. எல்லாம் வந்தன. கேன்டீன், லிஃப்ட், கார் நிறுத்துமிடம், மருந்தகத்தின் வரிசை, சேர்மனின் வாசல். 239.0.0.11-இல் தொடங்கி நான் தட்டிய அதே வரிசையில் அறுபத்து நான்கும். ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. 41-ஆவது கேமராவில் இரண்டாவது மாடி தெரிந்தது. பழனியப்பனின் மகள் 207-இல் இருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள். அப்பாவின் செருப்பு அங்கேயே கிடந்திருக்கும் போல, அதை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறாள். கையில் ஒன்றுதான் இருந்தது. மற்றதைத் தேடிக் குனிந்து குனிந்து நாற்காலிகளின் அடியில் எல்லாம் பார்த்தாள். அவள் பார்க்காத இடம், தீயணைப்புப் பெட்டியின் ஓரம், எனக்குத் திரையில் தெரிந்தது. அதே மாடியில்தான் இருந்தேன். இருபது அடி நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் தேடி முடித்து, ஒற்றைச் செருப்போடு போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதிவை நிறுத்தினேன். வயரைப் பிடுங்கினேன். பிறகு துடைப்பத்தை எடுத்தேன்.